நகப்பூச்சு

மாசி. மேட்டூரை மூடி ஒரு மாதமாகிறது.
பூம்புகாரில் கடலைத் தொடுமளவுக்குக்கூட
காவிரியில் தண்ணீர் இல்லை.
கடைசி நூறடியில் மணல் குறுக்கே படுத்துவிட்டது.
அந்த மணல்திட்டில் நின்றுதான்
சனிக்கிழமை இரவுகளில் தூண்டில் போடுவோம்.

நான் செம்பனார்கோவிலில் மின்கணக்கு எடுப்பவன்.
ஜெகபருக்குச் சங்கரன்பந்தலில் பேட்டரிக் கடை.
மூன்றாமவர் மாயவரத்துப் பல் மருத்துவர்,
பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்.
கொடுவா மாட்டினால் படம் எடுப்போம்,
பிறகு விட்டுவிடுவோம்.
விட்டுவிடுவதில் எங்களுக்கொரு பெருமை.
வலை காயவைக்கும் மனிதர்களை
அந்தப் பெருமைக்கு மேலே நின்றுதான் பார்த்தோம்.

முடிச்சு என் பொறுப்பு.
தங்கூசி நழுவாமலிருக்க ஏழு சுற்று,
மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு.
மனைவி ஒருமுறை பூசிப் பார்த்துவிட்டு
எனக்கே கொடுத்துவிட்ட செங்கல் நிறம்.

விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. இந்துமாரி கூப்பிட்டாள்.
வனத்துறையில் தற்காலிகம்.
பங்குனி முடியும்வரை சம்பளம்,
அதுவரை இரவெல்லாம் முட்டை தேடி நடை.
"சார், டார்ச் இருக்கா? என்னுது அணைஞ்சுபோச்சு."

அலை கொண்டுவந்து வைத்த இடத்தில்
பங்குனி ஆமை ஒன்று.
ஓட்டில் இரண்டு கொட்டலசு.
கண் இருந்த இடத்தில் நண்டு வேலையை முடித்திருந்தது.
நாடா பிடித்தாள்: நீளம் அறுபத்தெட்டு, அகலம் அறுபத்தாறு.
எண் எழுதுவது என் பிழைப்பு,
நோட்டை வாங்கி நானே எழுதினேன்.
"பொட்டை" என்றாள். அதையும் எழுதினேன்.

"வாய்க்குள்ள காட்டுங்க."

முள் தெரியவில்லை.
நரம்பு தொண்டைக்குள் இறங்கியிருந்தது.
வெளியே ஒரு சாண் மிச்சம்,
முனையில் பித்தளைச் சுழலி,
சுழலியின் கழுத்தில்
செங்கல் நிறம்.

போன சனிக்கிழமை ஏதோ பெரிசு இழுத்தது.
இருபது நிமிடம் கழி வளைந்து நின்றது.
திருக்கை என்றேன், ஜெகபர் சுறா என்றான்,
நரம்பு அறுந்தது.
திங்கட்கிழமை அலுவலகத்தில்
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்,
உதவிப் பொறியாளர் டீ வாங்கிக்கொடுத்தார்.

"வழக்கமா இழுவை வலைன்னு எழுதிடுவேன் சார்,
அதான் நெறைய. இது தூண்டில்.
மாட்டினா நரம்பைப் புடிச்சு மேல தூக்கக் கூடாது.
கரைக்குக் கொண்டாந்து, முள்ளை ஒட்டி அறுத்துவிட்டா
அது பாட்டுக்குப் போயிடும்.
முள் துருப்பிடிக்கும். நரம்பு துருப்பிடிக்காதுல்ல?
குடலைச் சுருக்கிடும்."

எனக்குச் சொல்லவில்லை அவள்.
ஆமையிடம் சொல்வதுபோல் குனிந்தபடி சொன்னாள்.

'காரணம்' என்ற கட்டத்தில் தூண்டில் என்று எழுதினேன்.
கட்டம் ஒரு சொல்லுக்குத்தான் இருந்தது.
பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
என் பெயரையும் செல்பேசி எண்ணையும் எழுதினேன்.
அவள் வாசித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
மண்வெட்டி எடுக்கப் போனாள்.

ஊர்க்கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
"வயித்துக்குப் போடற வலைக்குச் சட்டம் வச்சிருக்கீங்க,
பொழுதுக்குப் போடற முள்ளுக்கு?"
தை முதல் பங்குனி வரை இரவில் கழி கூடாது,
கணவாய் இரை கூடாது, வளைந்த வட்ட முள் மட்டும்.
பல் மருத்துவர் அதன்பிறகு வரவில்லை.
ஜெகபர் வட்ட முள்ளில் ஒரு மாதம் ஒன்றும் பிடிக்காமல்
என்னைத் திட்டிக்கொண்டே நிற்கிறான்.

நான் பகலில் போகிறேன். அதே ஏழு சுற்று.
சொட்டை மட்டும் விடவில்லை.
அறுந்து போனால்
யாருடையது என்று இந்துமாரிக்குத் தெரிய வேண்டும்.

குப்பியில் கால்வாசி இருக்கிறது.
கடையில் கேட்டேன்,
அந்த நிறம் இப்போது வருவதில்லையாம்.